கற்பியாததைக் கேட்பது நியாயமாகுமா?

ஒருவரிடம் ஒன்றைத் திருப்பிக் கேட்பதற்கு முன், அதை அவருக்குக் கொடுத்தோமா என்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது வர்த்தகர்களாகிய நமக்கு ஊறிப்போன வழக்கம். சரக்கை அனுப்பாமல் பட்டியலை மட்டும் அனுப்பிப் பணம் கேட்பவனை நாம் நாணயஸ்தன் என்று சொல்வதில்லை. இந்த எளிய நியாயத்தை இன்றைய கல்வி முறையில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. மாணவனுக்கு எவருமே கற்றுக்கொடுக்காத ஒரு திறமையை அவனிடம் எதிர்பார்த்து, அது அவனிடம் இல்லை என்பதற்காக அவனைத் தோற்றவர் வரிசையில் நிறுத்துவது தகுமா?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. நம் வீடுகளிலும் கடைகளிலும் எழுந்து, பலருடைய படிப்பையும் பணத்தையும் மனத்தையும் தொட்டுச் செல்லும் கேள்வி. ஆதலால் சற்றுப் பொறுமையோடு இதை ஆராய்வோம்.

இன்று கல்லூரிப் படிப்பில் ஒரு பெரும் பகுதி இணையத்தின் வழியே நடைபெறுகிறது. தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1971-ஆம் ஆண்டிலேயே வெளியிலிருந்து படிப்போருக்கு ஒரு வழியைத் திறந்தது. 2000-ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. முன்பு பாடம் தபாலில் வந்தது. இப்போது திரையில் வருகிறது. பள்ளிச் சான்றிதழ் போதாதவர்களும் தங்கள் தொழில் அனுபவத்தைக் காட்டிக் கல்லூரியில் சேர்வதற்கு மலேசியத் தகுதி முகமை ஒரு முறையை வகுத்திருக்கிறது. அதன்படி 21 வயது நிறைந்த ஒருவர், தம்முடைய அனுபவத்தை ஆவணங்களாகத் தொகுத்துக் காட்டி, தேர்வும் எழுதித் தேறினால், இளங்கலைப் படிப்பில் சேரும் தகுதியைப் பெறுகிறார்.

இது மெத்த நல்ல ஏற்பாடு. குடும்ப நிலைமையால் இளமையில் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சாப்பாட்டுக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் நாணயமாற்றுக் கடையிலும் இருபது வருடம் நின்று, வியாபாரத்தின் நெளிவு சுளிவுகளைக் கற்றவர் ஒருவர், நாற்பது வயதில் ஒரு பட்டத்துக்குப் படிக்க முடிகிறது என்றால் அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் கதவு திறந்திருப்பதனாலேயே உள்ளே வழி நேராக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

இப்படிச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே என்ன நேர்கிறது என்று பாருங்கள். பாடம் கிடைப்பதற்கு ஓர் இணைய வாசலுக்குள் நுழைய வேண்டும். அதற்கு ஒரு கடவுச்சொல்; அது போதாதென்று கைத்தொலைபேசிக்கு வரும் இன்னோர் எண். உள்ளே நுழைந்தால் அறிவிப்புகள் ஒரு மூலையில், பாடக் குறிப்புகள் இன்னொரு மூலையில், கட்டுரையைச் செலுத்த வேண்டிய இடம் மற்றொரு மூலையில். கட்டுரையை இன்ன வகைக் கோப்பாகத்தான் தர வேண்டும், இத்தனை அளவுக்கு மேல் போகக் கூடாது, கோப்புக்கு இன்ன முறையில் பெயரிட வேண்டும் என்று விதிகள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் ஏற்பதில்லை. தம் கோப்பின் இணைப்பை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, அதைத் திறந்து பார்க்கும் அனுமதியைக் கொடுக்காமல் விட்டால், ஆசிரியர் கண்ணுக்குப் பூட்டிய கதவுதான் தெரியும்; மாணவரோ அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு 11 மணி 59 நிமிடத்தோடு வாசல் மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது.

இத்தனைக்கும் அவர் படிக்கச் சேர்ந்த பாடம் வணிக நிர்வாகமாக இருக்கலாம், கணக்கியலாக இருக்கலாம். பாடத்திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் கோப்பு, அனுமதி, இணைப்பு என்ற சொற்கள் அதில் இரா. பாடத்தில் இல்லாத ஒன்று தேர்வில் இருக்கிறது. சில கல்லூரிகள் முதல் நாளன்று ஒரு மணி நேர விளக்கம் தருகின்றன. அதுவும் பெரும்பாலும் திரையின் வழியாகவே தரப்படுகிறது. வாசலைத் திறக்கத் தெரியாதவனுக்கு, திறக்கும் முறையை வாசலுக்கு உள்ளே ஒட்டி வைப்பது போன்றது இது.

இனி, இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். எதிர்த் தரப்பின் சொல்லைக் கேட்காமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

முதல் வாதம் இது: "எந்தக் கல்லூரியும் சில திறமைகளை முன்கூட்டியே எதிர்பார்க்கத்தான் செய்யும். எழுதப் படிக்கத் தெரியாதவன் கல்லூரிக்கு வரலாமா? கூட்டல் கழித்தல் அறியாதவனுக்குக் கணக்கியல் கற்பிக்க முடியுமா? அதுபோலத்தான் கணினித் திறமையும்."

இது கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆயினும் எழுத்தையும் எண்ணையும் கல்லூரி எதிர்பார்க்கும்போது அங்கே மூன்று காரியங்கள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. அவை வேண்டும் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவற்றைக் கற்பிக்க நாடெங்கும் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் பதினோரு ஆண்டுகள் அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவை எவ்வளவு தெரியும் என்பது சேரும்போதே அளந்து பார்க்கப்படுகிறது. சொல்லப்பட்டது, கற்பிக்கப்பட்டது, அளக்கப்பட்டது என்ற இம்மூன்றும் இருந்தால்தான் எதிர்பார்ப்பு நியாயமான எதிர்பார்ப்பாகும்.

கணினித் திறமையில் இம்மூன்றும் இருக்கின்றனவா? மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் 2017-ஆம் ஆண்டு முதல் கணினி அறிவியல் அடிப்படை என்றொரு பாடம் வைக்கப்பட்டது உண்மை. ஆனால் அதையோ, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தையோ, இரண்டில் ஒன்றைத்தான் மாணவன் படிப்பான். ஆகவே ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே சான்றிதழோடு வரும் இருவரில் ஒருவன் அதைப் படித்திருப்பான். மற்றவன் படித்திருக்க மாட்டான். அதற்கு முன்பே பள்ளியை விட்ட நாற்பது வயதுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கல்லூரியோ இவர்கள் எல்லோரிடமும் ஒரே திறமையை எதிர்பார்க்கிறது. எவரிடமும் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதில்லை.

இரண்டாவது வாதம்: "இக்காலத்துப் பிள்ளைகள் கையில் தொலைபேசியோடு பிறந்தவர்கள். அவர்களுக்கு யார் கற்பிக்க வேண்டும்? தானே வந்துவிடும்." இந்த எண்ணத்துக்கு ஒரு பெயரும் உண்டு. 2001-ஆம் ஆண்டில் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், இளைய தலைமுறையினர் மின்னியல் உலகின் பிறவிக் குடிகள் என்றும், மூத்தோர் அதில் வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார். சொல் அழகாயிருந்ததால் உலகமெங்கும் பரவிற்று. ஆனால் 2018-ஆம் ஆண்டில் பல நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்த அனைத்துலக ஆய்வு ஒன்று வேறுவிதமாகக் கண்டது. கருவிகளோடு வளர்வதனால் மட்டும் கணினித் திறமை வந்துவிடுவதில்லை என்றும், மிக உயர்ந்த படியை எட்டியவர் சராசரியாக 100-க்கு 2 பேரே என்றும் அந்த ஆய்வு தெரிவித்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொலைபேசியில் படம் பார்ப்பதும் செய்தி அனுப்புவதும் ஒரு பழக்கம். ஒரு கோப்பை உண்டாக்கி, பெயரிட்டு, உரிய இடத்தில் வைத்து, நகல் எடுத்து, பிறருக்கு அனுமதியோடு அனுப்புவது வேறொரு பழக்கம். தினமும் சாப்பாட்டுக் கடையில் உண்பவனுக்குச் சமையல் தெரியும் என்று எவரேனும் கூறுவாரா? மலேசியக் கல்வி அமைச்சு 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களுக்கு எந்த மின்கருவியுமே இல்லை என்பது தெரியவந்தது. இருந்தவர்களிலும் மிகுதியானோரிடம் இருந்தது கைத்தொலைபேசிதான்; கணினி வைத்திருந்தோர் சிலரே. அந்தப் பிள்ளைகள்தாம் பின்னர் கல்லூரிக்கு வருகிறார்கள். விசைப்பலகையைத் தொடாமலே வளர்ந்த விரல்களிடம் பத்துப் பக்கக் கட்டுரையைத் தட்டச்சு செய்து தரச் சொல்கிறோம்.

மூன்றாவது வாதம்தான் நம்மவர் அதிகமாகச் சொல்வது. "நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது அவர்களுக்கு எவர் கற்பித்தார்? மலாய் மொழியைத் தாமே கற்றார்கள். வியாபாரத்தைத் தாமே கற்றார்கள். தேவை இருந்தால் மனிதன் கற்றுக்கொள்வான். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டுமா?"

இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அதைப் பிறகு கூறுவோம். ஆனால் முன்னோர் வரலாற்றை நாம் சரியாக நினைவிற்கொள்ள வேண்டும். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்த சிறுவன், கடையில் தனியாக விடப்படவில்லை. முதலில் கடையைக் கூட்டினான், மூட்டையை அடுக்கினான். பிறகு தராசைத் தொட்டான். எடை போடக் கை பழகிய பின்னரே வாடிக்கையாளரிடம் பேசவிட்டார்கள். கல்லாப்பெட்டிக்கு அருகில் செல்ல வருடங்கள் ஆயின. பேரேட்டை எழுதும் முறையைக் கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார். வந்து இறங்கிய அன்றே ஒருவன் கையில் பேரேட்டைக் கொடுத்து, பிழை வந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொன்ன முதலாளியைப் பற்றி நாம் கேட்டதில்லை. கடைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். பக்கத்தில் நின்ற மூத்தவர்தான் ஆசிரியர். தாமே கற்றார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லுவது, அருகில் நின்று கற்பித்தவர்களை மறந்துவிட்டுச் சொல்லுவதாகும்.

இணையவழிப் படிப்பில் இல்லாதது அந்தப் பக்கத்து மனிதர்தான். வகுப்பறையில் ஒரு மாணவன் விழித்தால் அடுத்த பெஞ்சுக்காரன் சொல்லிவிடுவான். ஆசிரியரும் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வார். வீட்டின் ஒரு மூலையில், கடை மூடிய பிறகு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, தனியே திரைக்கு முன் அமர்ந்திருப்பவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இங்கே கேள்வியின் வேருக்குச் செல்வோம். சக்திக்கு அப்பாற்பட்டதை ஒருவர் மீது சுமத்துவது தகுமா என்பது பழைய கேள்வி. முஃதஸிலாக்களும் அஷ்அரிய்யாக்களும் இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ ஞானி கான்ட், ஒன்று கடமையென்றால் அதைச் செய்யும் ஆற்றலும் உண்டென்று பொருள்படும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஆனால் நம் விஷயத்தில் ஒருவர் குறுக்கிட்டு, "கணினி பழகுவது ஒன்றும் சக்திக்கு அப்பாற்பட்டதன்றே, எவரும் பழகலாமே" என்று கேட்கக்கூடும். அவருக்கு என்ன பதில்?

பதில் நம் ஞானிகளில் ஒருவரிடமே இருக்கிறது. மருத்துவத்திலும் தத்துவத்திலும் புகழ்பெற்ற இப்னு ஸீனா (980–1037), ஆற்றல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று படிகள் இருப்பதை எழுத்துக் கலையை உதாரணமாக்கி விளக்கினார். தொட்டிற் குழந்தைக்கும் எழுதும் ஆற்றல் உண்டு. என்றாவது ஒருநாள் எழுதக்கூடும் என்ற அளவில். மைக்கூட்டையும் எழுதுகோலையும் எளிய எழுத்துகளையும் அறிந்துகொண்ட சிறுவனுக்கும் எழுதும் ஆற்றல் உண்டு. அது இரண்டாம் படி. கலையில் தேறிய எழுத்தர், அந்த நேரத்தில் எழுதாமல் சும்மா இருந்தாலும், நினைத்த மாத்திரத்தில் எழுத வல்லவர். அது மூன்றாம் படி.

எவரும் பழகலாமே என்று சொல்லுபவர் முதல் படியைக் காட்டுகிறார். கல்லூரியின் வாசல் கேட்பது மூன்றாம் படியை. இடையிலுள்ள இரண்டாம் படி, அதாவது மைக்கூடும் எழுதுகோலும் எழுத்தும் இன்னதென்று அறிமுகமாகும் படி, எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை. பள்ளிக்கூடம் அது கல்லூரியில் வரும் என்று விட்டது. கல்லூரி அது பள்ளியில் வந்திருக்கும் என்று நினைத்தது. இருவரும் கைவிட்ட இடத்தில் மாணவன் விழுகிறான். ஆகவே நியாயம் இதுதான்: மூன்றாம் படியைக் கேட்பவருக்கு, முதல் படியிலிருந்து ஏறி வருவதற்கு ஏணியும் அவகாசமும் தரும் கடமை இருக்கிறது. அவற்றைக் கொடுத்த பின்பும் ஏறாதவனைக் குறை சொல்லலாம். கொடுக்காமல் சொல்லுவது அநியாயம்.

அரசாங்கங்கள்கூட இந்த நியாயத்தைச் சில சமயம் ஒப்புக்கொள்கின்றன. மலேசியாவில் மின்பட்டியல் முறை வந்ததை வர்த்தகர்கள் அறிவார்கள். 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள பெரிய நிறுவனங்களுக்குத்தான் அது முதலில் கட்டாயமாயிற்று. சிறியவர்களுக்குத் தவணை கொடுக்கப்பட்டது. எல்லோர் மீதும் ஒரே நாளில் சுமத்தினால் சிறியவன் நசுங்கிப்போவான் என்பதை உணர்ந்தே படிப்படியாக வைத்தார்கள். கடைக்காரருக்குத் தரப்பட்ட அந்த அவகாசம், கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவருக்கு மட்டும் ஏன் இல்லை?

சிங்கப்பூரிலும் கவனிக்கத்தக்க ஒன்று நடந்தது. இடைநிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் கருவி என்ற திட்டம் 2028-ஆம் ஆண்டுக்குள் நிறைவேற வேண்டும் என்றிருந்தது. 2020-இன் அனுபவத்துக்குப் பிறகு அதை 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் என்று முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். கருவியைக் கேட்பதற்கு முன் கருவியைக் கொடுப்பது என்ற நியாயம் அங்கே மதிக்கப்பட்டது. கருவியைப் போலவே, அதைக் கையாளும் அறிவையும் கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டும் என்பதுதான் நாம் கூறுவதும்.

இதைச் செய்யாததால் விளையும் தீங்கு மூன்று வகை.

முதலாவது, அளவு பொய்யாகிறது. டின்னோடு எண்ணெயை நிறுத்து, டின்னின் எடையைக் கழிக்காமல் விலை போடுபவனை என்னவென்று சொல்வோம்? கணக்கியல் கட்டுரைக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் கணினிப் பழக்கத்தின் எடையும் சேர்ந்திருந்தால், அந்த மதிப்பெண் கணக்கியலின் அளவன்று. கணக்கில் கெட்டிக்காரர் கோப்பில் தடுமாறித் தோற்கிறார். கோப்பில் கெட்டிக்காரர் கணக்கில் சுமாராயிருந்தும் தேறுகிறார். பிறகு அந்தச் சான்றிதழை நம்பி ஆளை வேலைக்கு வைக்கும் நாமும் ஏமாறுகிறோம்.

இரண்டாவது, உள்ள ஏற்றத்தாழ்வு மேலும் பெரிதாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளின் பதிவுகளைக் கொண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷூ, ஜாகர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த ஆராய்ச்சி 2014-இல் வெளிவந்தது. நேரில் படிப்பதைவிட இணையவழிப் படிப்பில் எல்லா வகை மாணவரும் சற்றுப் பின்தங்கினர் என்றும், ஏற்கெனவே படிப்பில் பின்தங்கியிருந்தோரும் கறுப்பின மாணவரும் மற்றவரைவிட அதிகமாகச் சறுக்கினர் என்றும் அவர்கள் கண்டார்கள். எவருக்கு வழி திறந்துவிட வேண்டும் என்று இம்முறை பேசப்பட்டதோ, அவர்களே அதில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

மூன்றாவது தீங்கு மனத்தில் விளைவது. அதுவே மிகக் கொடியது. தோற்றவர் தம்மைத்தான் நொந்துகொள்கிறார். "எனக்கு மூளை போதாது, இந்த வயதில் இது எனக்கு ஆகாது" என்று வெட்கத்தோடு ஒதுங்கிவிடுகிறார். தம்முடைய மகனிடமோ, தம்மைவிட இளைய ஆசிரியரிடமோ கேட்பதற்குக் கூசுகிறார். கட்டிய பணம் போகிறது. அதைவிட, இனிமேல் எதையும் கற்க முடியும் என்ற நம்பிக்கை போகிறது. கற்பிக்காதவரின் குற்றம், கற்காதவரின் குறையாக உருமாறி அவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது. பொருளைக் கெடுப்பதைவிட மனிதனின் தன்மதிப்பைக் கெடுப்பது பெரிய அநீதி.

இன்னொன்றையும் வர்த்தகர் என்ற முறையில் சொல்ல வேண்டும். லாபம் யாருக்கோ, அதன் சிரமத்தையும் அவரே ஏற்க வேண்டும் என்பது வாணிபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. படிப்பு இணையத்துக்குப் போனதனால் கல்லூரிக்குக் கட்டடச் செலவு குறைகிறது. ஓர் ஊருக்குள் அடங்காத மாணவர்கள் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அந்த ஆதாயத்தில் ஒரு சிறு பகுதியையேனும் மாணவனைப் பழக்குவதற்குச் செலவிடுவது தருமமன்று. கொடுக்க வேண்டிய கடன். அதுபோலவே, சரக்கிலுள்ள குறையை வாங்குபவனுக்குச் சொல்லாமல் விற்பது நம்மிடையே கூடாத காரியம். கட்டணம் இவ்வளவு என்று விளம்பரம் செய்பவர்கள், "இந்தப் படிப்புக்கு இன்ன கருவி வேண்டும், இன்ன இன்ன பழக்கம் வேண்டும், இல்லாதவர்க்கு நாங்கள் இப்படி உதவுவோம்" என்பதையும் அதே எழுத்தளவில் போட வேண்டும்.

இனி, முன்பு ஒத்திவைத்த உண்மையைக் கூறுவோம். மாணவனுக்கும் கடமை உண்டு. ஏணி வைக்கப்பட்ட பிறகு ஏறுவது அவன் பொறுப்பு. தெரியாததைத் தெரியாது என்று முதல் வாரத்திலேயே சொல்லாமல், கடைசி நாளில் வந்து கதறுபவனுக்கு எவராலும் உதவ முடியாது. மகனைக் கொண்டு கட்டுரையைச் செலுத்திவிட்டு, தமக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் சரியன்று. கற்பிக்கவில்லை என்ற நியாயத்தை, கற்கமாட்டேன் என்ற பிடிவாதத்துக்குக் கேடயமாக்கக் கூடாது. நாம் கேட்பது சலுகையன்று. மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லவில்லை. அளப்பதற்கு முன் கற்பியுங்கள் என்று மட்டுமே சொல்கிறோம்.

கல்லூரியை நோக்கி விரலை நீட்டும்போது நம் கடைகளையும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்று கடைகளில் பணம் வாங்கும் முறை மாறிவிட்டது. கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் திரை வந்துவிட்டது. தொலைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறார்கள். முப்பது வருடம் மனக்கணக்கில் ஒரு காசு பிசகாமல் வாங்கிக் கொடுத்த பெரியவரிடம் புதிய இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, இரவில் கணக்குக் குறைந்தால் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முதலாளிகள் இல்லை என்று சொல்ல முடியுமா? கல்லூரி தன் மாணவனுக்குச் செய்தால் அநியாயம், நாம் நம் பணியாளருக்குச் செய்தால் நிர்வாகம் என்றிருக்க முடியாது. நியாயம் ஒன்றுதான். இயந்திரத்தை வைப்பவர் இரண்டு வாரமாவது பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி அதைப் பழக்கட்டும். அந்த நாட்களில் வரும் பிழையைக் கடைக் கணக்கில் எழுதட்டும்.

செய்ய வேண்டியது என்ன? கல்லூரிகள் செய்யத்தக்கவை சில. பாடம் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் இப்பழக்கத்துக்கென்றே ஒதுக்கலாம். முதல் கட்டுரையை மதிப்பெண் இல்லாத ஒத்திகையாக வைத்து, செலுத்தும் முறை சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். இரவு நேரத்தில் தொலைபேசியை எடுத்து நிதானமாக வழி சொல்லும் ஓர் ஆளை நியமிக்கலாம். இவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல.

பிள்ளைகளையும் பணியாளர்களையும் இப்படிப்பில் சேர்க்கும் வர்த்தகர்கள், கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். என்ன கருவி வேண்டும்? என்ன பழக்கம் முன்கூட்டியே வேண்டும்? அதை நீங்கள் கற்பிப்பீர்களா? தடுமாறினால் எந்த நேரத்தில், எவரைக் கூப்பிடுவது? இந்த நான்குக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். சரக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது நம் வழக்கமல்லவே.

சங்கங்கள் செய்யத்தக்கதும் உண்டு. யுத்தம் முடிந்து ஊர் இன்னும் நிமிராதிருந்த 1946-ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று அவர்கள் மேடையில் பேசிவிட்டுப் போய்விடவில்லை. கற்பதற்கு இடத்தை உண்டாக்கினார்கள். அந்தப் பள்ளி பின்னர் 1980-களில் மூடப்பட்டாலும், அது காட்டிய வழி மூடப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்கக் கட்டடத்தில் நான்கு கணினிகளை வைத்து, கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் இருவரை உட்காரவைத்தால் போதும். கோப்பு என்றால் என்ன, அனுமதி என்றால் என்ன, கடவுச்சொல்லை எப்படிக் காப்பது, கட்டுரையை எப்படிச் செலுத்துவது என்று தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். வயதானவர் வெட்கப்படாமல் கேட்பதற்கு அங்கே நம்மவர் முகங்கள் இருக்கும். பக்கத்தில் நின்று காட்டும் அந்த ஒரு மனிதர் கிடைத்துவிட்டால், பாதிச் சிரமம் அன்றே தீர்ந்துவிடும்.

கேட்பது எளிது, கொடுத்துவிட்டுக் கேட்பதுதான் நேர்மை. ஆசிரியர் மாணவனிடம் ஒரு திறமையைக் கேட்பதானாலும், முதலாளி பணியாளரிடம் கேட்பதானாலும், தகப்பனார் மகனிடம் கேட்பதானாலும், "இதை நான் இவனுக்கு எப்போது கற்பித்தேன்?" என்ற கேள்வியை முதலில் தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பதில் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். பதில் இல்லையென்றால், கற்பிக்கும் வேலை அவர் கையில்தான் இன்னும் பாக்கி இருக்கிறது.